கம்ப்யூட்டருக்குள் முடி முளைத்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணவி ஒருத்தி, சில வாரங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய மகள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். வீட்டில் பதிமூன்று வயதான பொமரேனியன் ஒன்று இருக்கிறது. நாய்க்குப் பதிமூன்று என்றால் நமக்கு எழுபதை நெருங்கிய மாதிரி. "அது நம்மோடு இருக்கும்போதே அதை அப்படியே கம்ப்யூட்டரில் செய்து வைத்துவிட வேண்டும்" என்று அந்தப் பெண் பள்ளி விட்டு வந்ததும் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்கிறாளாம். கண் வந்துவிட்டது, காது வந்துவிட்டது, மூக்கும் வந்துவிட்டது. முடி மட்டும் வரவில்லை. படத்தைப் பார்த்தேன். திருவிழாக் கடையில் தொங்கும் ரப்பர் பொம்மை மாதிரி இருந்தது.

"சார், முடிக்கு ஏதாவது கணக்கு இருக்கா?" என்பது கேள்வி.

இருக்கிறது. அதைப் போட்டு முடிக்கப் பெரிய பெரிய மூளைகளுக்கே பல பத்தாண்டுகள் ஆயிற்று. அவளுக்கு எழுதிய பதில் நீண்டுகொண்டே போனதால், எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன். கணக்கு வாத்தியார் வரலாறு எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள். ரிட்டயர் ஆனவனுக்கு எல்லாப் பாடமும் சொந்தம்.

கதை கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்பே, ஒரு குதிரைப் பண்ணையில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் பெரும் ரயில்வே முதலாளி. பாலோ ஆல்டோ என்ற இடத்தில் அவருக்குக் குதிரைப் பண்ணை இருந்தது. குதிரை ஓடும்போது நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்பது அன்று பெரிய விவாதம். ஓவியர்கள் முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்னங்கால்களைப் பின்னால் நீட்டி, குதிரை காற்றில் மிதப்பதுபோல வரைந்துகொண்டிருந்தார்கள். 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் அந்தப் பண்ணையில் ஓடுபாதை ஓரமாகக் கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையை அடுத்தடுத்துப் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும் கணம் உண்டு என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருந்தன. மனிதன் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் குதிரையோடு வாழ்ந்தவன். ஆனாலும் அது ஓடுவதை அவன் சரியாகப் பார்த்ததே இல்லை.

இந்தப் பண்ணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முயலைத் தேடி அங்கே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

தொண்ணூறு வருடம் தாண்டி 1968க்கு வாருங்கள். இடம், அன்றைய சோவியத் நாட்டின் மாஸ்கோ. நிக்கொலாய் கான்ஸ்டான்டினோவ் என்ற கணித அறிஞரும் அவருடைய குழுவும் பெஸ்ம்-4 என்ற கம்ப்யூட்டரில் ஒரு பூனையை நடக்க வைத்தார்கள். ஒன்றரை நிமிடம் ஓடும் சின்னப் படம். பெயர் 'கோஷெச்கா', அதாவது பூனைக்குட்டி. படத்தை வெளியே எடுக்க அவர்களிடம் இருந்தது எழுத்துகளை அச்சடிக்கும் பிரிண்டர். எழுத்துகளை நெருக்கி அச்சடித்தே பூனையின் உருவத்தைத் தாளில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தாளையும் வரிசையாகச் சினிமாப் படச்சுருளில் பிடித்து ஓட்டினால், பூனை நடக்கிறது, நிற்கிறது, தலையைத் திருப்புகிறது.

அந்த நடையைப் படம் வரைபவர் யாரும் கையால் வரையவில்லை. பிளஸ் டூவில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்த அதே வகைக்கெழுச் சமன்பாடுகள், அதிலும் இரண்டாம் வரிசைச் சமன்பாடுகள், பூனையின் அசைவைத் தீர்மானித்தன. அந்தச் சமன்பாடுகளை எழுதியவர், எந்தத் தசை எப்போது இழுக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகத் தானே கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி நடந்து பார்த்தாராம். இன்றும் அந்தப் படம் இணையத்தில் கிடைக்கிறது. உடம்பில் ஒரு முடிகூடக் கிடையாது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் பூனை என்று தெரிகிறது.

இன்னொரு செய்தி. இந்தக் கான்ஸ்டான்டினோவ் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். 1980இல் 'நகரங்களின் போட்டி' என்ற கணிதப் போட்டியைத் தொடங்கியவர் இவர்தான். பல நாட்டு மாணவர்கள் இன்றும் அதை எழுதுகிறார்கள். 2021இல் காலமானார். நம் இனத்தவர் என்பதால் எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை. இனம் என்று நான் சொன்னது வாத்தியார் இனத்தை.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். பூனைக் கதையைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன முதல் யோசனை இதுதான்: "முடியைக் கொஞ்ச நாள் மறந்துவிடம்மா. உன் நாய் நடப்பதைப் பக்கவாட்டில் இருந்து செல்போனில் பத்து நிமிடம் எடு. அதை மெதுவாக ஓட்டி, நான்கு கால்களும் எந்த வரிசையில் தரையைத் தொடுகின்றன என்று நோட்டில் எழுது." நாயோ பூனையோ நிதானமாக நடக்கும்போது, இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்ற வரிசையில் காலடி விழும். இரண்டு நாள் கழித்து அவள் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. வரிசை சரியாகத்தான் இருக்கிறதாம். ஆனால் வலது பின்னங்கால் மற்ற கால்களைவிடக் குறைவான நேரமே தரையில் நிற்கிறதாம். கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனார்கள். இடுப்பு மூட்டில் தேய்மானம் என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார். அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பொம்மை செய்ய உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது.

சரி, முடிக்கு வருவோம்.

1970களில் கம்ப்யூட்டர் ஓவியத்தின் தலைநகரம் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். அங்கே ஆராய்ச்சி செய்த புய் துவோங் ஃபோங் என்ற வியட்நாமிய இளைஞர், வளைந்த பரப்பின் மேல் வெளிச்சம் எப்படி மினுங்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். அதே இடத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர் 1975இல் தன் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கம்ப்யூட்டரில் வரைந்தார். தேநீர்ப் பாத்திரங்களை வரையலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி. அந்தக் கெண்டி இன்று கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஃபோங்கின் சூத்திரத்தில் ஒரு பக்கவிளைவு இருந்தது. எதை வரைந்தாலும் பிளாஸ்டிக் மாதிரி தெரியும். பந்து, கெண்டி, பொம்மைக்கு அது பொருத்தம். 1995இல் பிக்ஸார் நிறுவனம் முழுநீளக் கம்ப்யூட்டர் சித்திரப் படம் எடுத்தபோது, கதை மாந்தர்களாகப் பொம்மைகளைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கம்ப்யூட்டருக்கு எது சுலபமாக வருமோ, அதையே கதையாக்கிவிட்டார்கள். அந்தப் படம்தான் 'டாய் ஸ்டோரி'.

நாய் அப்படி வழுவழுப்பான பொருள் இல்லை. முடிக்கு என்ன சிக்கல் என்று கேட்டால், மூன்று சொல்லலாம். முதலில் எண்ணிக்கை. லட்சக்கணக்கில் இருக்கும். இரண்டாவது, ஒவ்வொரு முடியும் கம்ப்யூட்டர் திரையின் ஒரு புள்ளியைவிட மெல்லியது. மூன்றாவதுதான் ஆழமானது. கெண்டியின் மேல் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டால், அங்கே பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு செங்குத்துக் கோடு போடலாம். வெளிச்சக் கணக்கு முழுவதும் அந்தக் கோட்டை நம்பித்தான் இருந்தது. முடி என்பது ஒரு நூல். அதைச் சுற்றி எந்தப் பக்கமும் செங்குத்து போடலாம். அப்படியானால் எந்தக் கோட்டை வைத்துக் கணக்கிடுவது?

விடை 1989இல் கிடைத்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கஜியா, திமத்தி கே என்ற இருவர், செங்குத்துக் கோட்டை விட்டுவிட்டு முடி ஓடும் திசையையே பிடித்துக்கொண்டார்கள். முடியின் திசைக்கும் வெளிச்சம் வரும் திசைக்கும் இடையே உள்ள கோணம் என்ன? அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு எவ்வளவு? அதை வைத்தே முடி எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று சொல்லிவிடலாம். ஆம், பத்தாம் வகுப்பில் "இதெல்லாம் வாழ்க்கையில் எதுக்கு சார்?" என்று கேட்டீர்களே, அதே சைன்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எவர்சில்வர் தட்டின் அடிப்பக்கத்தில் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். வெயிலில் காட்டித் திருப்புங்கள். பளபளப்பு ஒரு புள்ளியாக நிற்காமல், கீறல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு பட்டையாக ஓடும். பட்டுப் புடவையின் மினுமினுப்பும், எண்ணெய் தேய்த்து வாரிய கூந்தலில் தெரியும் ஒளி வளையமும் இதே வகைதான். கஜியாவும் கேயும் இந்தச் சூத்திரத்தை வைத்து ஒரு கரடி பொம்மையை வரைந்து காட்டினார்கள். ஐ.பி.எம். பெருங்கணினிகள் பல சேர்ந்து அந்த ஒரே ஒரு படத்தை வரைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டன. ஆனால் கையால் தடவிப் பார்க்கலாம் போன்ற ஒரு படம் கம்ப்யூட்டரிலிருந்து வந்துவிட்டது. பின்னாளில் ஆஸ்கர் வழங்கும் அகாதெமி இந்த இருவருக்கும் தொழில்நுட்ப விருது கொடுத்தது.

இப்போது குதிரைப் பண்ணைக்குத் திரும்புவோம். ஸ்டான்ஃபோர்ட் தன் பண்ணை நிலத்தில் நிறுவியதுதான் இன்றைய ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். 1994இல் அங்கே கிரெக் டர்க், மார்க் லெவாய் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், லேசர் கதிரால் ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து அளந்து, அந்த அளவுகளைத் துணி தைப்பதுபோல ஒட்டவைத்து முப்பரிமாண உருவமாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். சோதிக்க ஒரு பொருள் வேண்டும். ஈஸ்டர் சமயத்தில் பக்கத்துத் தெருக் கடையில் ஒரு முயல் கிடைத்தது. 69,451 முக்கோணங்களால் ஆன அந்த முயல்தான் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் ஓவிய மாணவர்கள் இன்றும் பயன்படுத்தும் 'ஸ்டான்ஃபோர்ட் முயல்'.

ஆனால் அது சுடுமண் முயல். நம்மூர் ஐயனார் கோயில் குதிரை மாதிரி சுட்ட மண்ணால் ஆனது. நிஜ முயலை வைத்திருந்தால் நடந்திருக்காது. முயல் அசையாமல் உட்காராது என்பது ஒரு பக்கம். அதைவிட, முடிக்கு அளக்கத்தக்க பரப்பு என்று ஒன்று இல்லை. கதிர் ஒரு முடியில் பட்டுத் திரும்பும், அடுத்தது இரண்டு முடிக்கு நடுவே உள்ளே போய்விடும். இன்று செல்போனில் நாலாபக்கமும் போட்டோ எடுத்து உருவமாக்கும் ஆப்கள் வந்துவிட்டன. வீட்டு நாயை அதில் முயன்றால் பெரும்பாலும் கட்டி கட்டியாக, உருகிய மெழுகு போலத்தான் வரும். உங்கள் பிள்ளைகள் முயன்று தோற்றால் திட்டாதீர்கள். லேசர் காலத்திலிருந்தே உள்ள பிரச்சினை அது.

அந்தச் சுடுமண் முயலுக்கும் ஒருநாள் முடி முளைத்தது. 2001இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தையும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஒரு குழு, முடியை உடனுக்குடன் வரையும் ஒரு சிக்கன வழியைக் காட்டியது. அதை எப்படி விளக்குவது? நம் பள்ளியில் ஓ.எச்.பி. என்று ஒரு விளக்குப் பெட்டி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடித் தாளில் எழுதிச் சுவரில் காட்டுவோம். பத்துப் பதினைந்து கண்ணாடித் தாள்களை எடுத்து, எல்லாவற்றிலும் ஒரே இடங்களில் புள்ளி வைத்து, சிறு இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேலே போகப் போகப் புள்ளியைச் சிறிதாக்குங்கள். சாய்வாகப் பார்த்தால் புள்ளிகள் சேர்ந்து முடியாகத் தெரியும். உடம்பைச் சுற்றி வெங்காயத் தோல்போல இப்படிப் பல அடுக்குகள் வைப்பதுதான் அந்த வழி. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் வரும் விலங்குகள் பலவற்றுக்கு இப்படித்தான் முடி வந்தது.

சினிமாக்காரர்கள் சிக்கனம் பார்க்கவில்லை. 1995இல் 'ஜுமான்ஜி' படத்துக்கு ஒரு சிங்கத்தையும் குரங்குக் கூட்டத்தையும் கம்ப்யூட்டரில் முடியோடு செய்தார்கள். 2001இல் பிக்ஸார் 'மான்ஸ்டர்ஸ், இன்க்.' எடுத்தது. அதில் நீல நிறத்தில் ஒரு பெரிய உருவம் வரும். பெயர் சல்லி, செலவோ கோடிக்கணக்கில். உடம்பில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகள். அது வரும் ஒரு பிரேமை வரையச் சராசரியாக 12 மணி நேரம் ஆனது என்று சொல்லப்படுகிறது. சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம். கணக்குப் போடுங்கள். 12 × 24 = 288 மணி. ஒரே கம்ப்யூட்டரில் செய்தால் ஒரு விநாடிப் படத்துக்கு 12 நாள். ஆயிரக்கணக்கான பிராசஸர்களை ஒரே நேரத்தில் ஓட்டித்தான் சமாளித்தார்கள். அத்தனை முடியையும் ஒவ்வொன்றாக யாரும் அசைக்கவில்லை. சில வழிகாட்டி முடிகளை மட்டும் அசைப்பார்கள். பக்கத்தில் உள்ளவை அவற்றைப் பின்பற்றும். வகுப்புத் தலைவனைப் பார்த்து மற்றவர்கள் எழுந்து நிற்பது மாதிரி.

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் செய்தவை. சாதாரண வீட்டில் ஒரு பள்ளிப் பெண் தன் நாயைச் செய்வது எப்படிச் சாத்தியமாயிற்று? வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இங்கேதான் வருகிறது.

நெதர்லாந்தில் டோன் ரூசெண்டால் என்பவர் 1990களில் 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண சாஃப்ட்வேரை உருவாக்கினார். அதை நடத்திய கம்பெனி 2002இல் மூடப்பட்டது. சாஃப்ட்வேரின் உரிமை முதலீட்டாளர்கள் கையில். ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் அதன் மூல நிரலை உலகத்துக்கே திறந்துவிட ஒப்புக்கொள்வதாகச் சொன்னார்கள். ரூசெண்டால் பொதுமக்களிடம் கையேந்தினார். பயன்படுத்தியவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. 2002 அக்டோபர் 13 அன்று பிளெண்டர் எல்லோருக்கும் பொதுச் சொத்தாயிற்று. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வோமே, அதுதான் நடந்தது.

அப்போதும் அதில் முடி சரியாக வரவில்லை. அதற்கு அவர்கள் கண்ட வழி வேடிக்கையானது. வேண்டுமென்றே உடம்பெல்லாம் முடி உள்ள விலங்குகளை வைத்து ஒரு நகைச்சுவைக் குறும்படம் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். படம் எடுக்கும்போது எது முடியாமல் போகிறதோ, அதை சாஃப்ட்வேரில் சேர்த்துக்கொண்டே போவது. 2008இல் வெளிவந்த அந்தப் படம் 'பிக் பக் பன்னி'. குண்டு முயல் ஒன்றும், அதைச் சீண்டும் மூன்று குறும்பு விலங்குகளும் கதை மாந்தர்கள். படத்தை மட்டுமல்லாமல், முயலை எப்படிச் செய்தார்கள் என்ற கோப்புகளையும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். முடியை முளைக்க வைக்கவும், சீப்பால் வாரவும், கத்தரிக்கவும் அந்த ஆண்டு வந்த கருவிகளின் வழித்தோன்றல்களைத்தான் இன்று நம் பிள்ளைகள் பைசா செலவில்லாமல் பயன்படுத்துகிறார்கள்.

அறிவியலும் சும்மா இருக்கவில்லை. மனித முடிக்கு எழுதிய வெளிச்சக் கணக்கை விலங்குக்குப் போட்டால் ஏன் சரியாக வரவில்லை என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு தண்டுப் பகுதி இருக்கும். மனிதனுக்கு அது மிக மெல்லியது. பல விலங்குகளுக்கு அது தடித்தது. உள்ளே நுழையும் வெளிச்சத்தை அது நாலாபக்கமும் சிதறடிக்கும். நாய்க்குட்டி பஞ்சுபோலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். 2015இல் லிங்-சி யான், ரவி ராமமூர்த்தி முதலிய ஆராய்ச்சியாளர்கள் இந்த நடுத்தண்டையும் சேர்த்துக் கணக்கு எழுதினார்கள். 2019இல் வந்த 'தி லயன் கிங்' படத்து விலங்குகளுக்கும் அந்தக் கணக்கு பயன்பட்டது. ஒரு முடிக்குள் ஒரு முடி என்று பார்க்க 2015 வரை ஆயிற்று.

இத்தனை வசதியும் வந்த பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். 2024இல் லாட்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து கின்ட்ஸ் சில்பலோடிஸ் என்ற இளைஞர் 'ஃப்ளோ' என்ற படத்தைக் கொண்டுவந்தார். முழுவதும் பிளெண்டரில் உருவானது. வெள்ளத்தில் தப்பிக்கும் ஒரு பூனையின் கதை. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான். அந்தப் பூனையின் உடம்பில் லட்சக்கணக்கான முடிகளை வளர்க்கவில்லை. தூரிகையால் தீட்டியதுபோல ஒரு மேற்பரப்பு, அவ்வளவுதான். ஆனால் அது தண்ணீரைக் கண்டு பின்வாங்கும்போது, காதை மடக்கும்போது, தாவுவதற்கு முன் பின்புறத்தை அசைக்கும்போது, பூனை வளர்த்தவர்கள் எல்லோரும் "நம்ம வீட்டுப் பூனை" என்கிறார்கள்.

1968இன் மாஸ்கோப் பூனைக்கு முடி தெரியாது, நடை தெரியும். அந்த வரிசையில்தான் இந்தப் பூனையும் வருகிறது. நடுவில் முடிக்காகச் செலவழித்த காலம் வீண் என்று சொல்லமாட்டேன். பளபளப்பு எப்படி ஓடுகிறது, நிழல் எங்கே விழுகிறது, முடிக்குள் என்ன இருக்கிறது என்று தேடியவர்கள் எல்லோரும் விலங்கை இன்னும் நெருங்கிப் பார்த்தவர்கள்தான். கூர்ந்து பார்த்த அளவுக்குத்தான் கம்ப்யூட்டருக்குள் எதுவும் வந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் பொழுதுபோக்காகச் செய்ய ஆசைப்பட்டால், நான் சேகரித்த சில குறிப்புகள்:

ஒன்று. முடி அடர்ந்த நாயைச் செய்வதாக இருந்தால், குளிப்பாட்டும்போது ஈரத்தோடு நாலு போட்டோ எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் நிஜ உடம்பு அப்போதுதான் தெரியும். முதலில் அந்த ஈர நாயைச் செய்யுங்கள். பிறகு அதன்மேல் முடி. நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு முடி குட்டை என்பதால் இந்தக் கவலை குறைவு. அங்கே எலும்பும் தசையும்தான் அழகு.

இரண்டு. முடி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிற்காது. மூக்கில் தொடங்கி நெற்றி வழியாக வாலை நோக்கி ஓடும். மார்பில் சுழி இருக்கும். கையால் தடவிப் பார்த்து, ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துகொள்ளுங்கள். பொமரேனியன் போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு உண்டு. உள்ளே பஞ்சு, வெளியே நீண்ட முடி. இரண்டையும் தனித்தனியாகப் போட்டால்தான் நிஜம்போல வரும்.

மூன்று. வழிகாட்டி முடி சில நூறு போதும். மீதியை சாஃப்ட்வேர் நிரப்பிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே லட்சம் முடி போட்டால் வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். நுனிகளைச் சிறு சிறு கொத்தாகச் சேருங்கள். நாலைந்து முடி அடங்காமல் நிற்கட்டும். ரப்பர் தோற்றம் போய்விடும்.

நான்கு. நடையையும், படுக்கும் விதத்தையும், கூப்பிட்டால் எந்தக் காதை முதலில் திருப்புகிறது என்பதையும் வீடியோ எடுத்து வையுங்கள். முடியைப் பிறகு எந்த வருடமும் போட்டுக்கொள்ளலாம். வருடா வருடம் புதுக் கருவி வரும். நடையைப் பிறகு எடுக்க முடியாது.

உங்களில் யார் வீட்டில் என்ன செல்லப்பிராணி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகள் ஏதாவது செய்திருந்தால் படத்தையும் போடுங்கள். மார்க் போடமாட்டேன், பயப்பட வேண்டாம். ஆனால் பின்னங்கால் வரிசையைக் கட்டாயம் சரிபார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்